பரிந்துரைக் கடிதமும் பேராசிரியப் பெருந்தகைகளும்

“நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.” மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பழைய மாணவர்களிடம் நம் பேராசிரியர்களில் பலர் சொல்லும் வாசகம் இது. இதைப் பெருந்தன்மை என்றே அவர்கள் நம்புகிறார்கள். கடமை தவறுதல் என்பதே இதற்குச் சரியான பெயர்.

ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். அந்த வேலைக்கே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரை எழுதினார். அதற்கு முன், 1910இல், கும்பகோணம் கல்லூரியில் தமக்கு ஆசிரியராயிருந்த சேஷு அய்யரிடம் கடிதம் பெற்றே நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைச் சந்தித்தார். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அத்துறையில் தாம் நிபுணரல்லர் என்பதையும் மறைக்கவில்லை. எஃப்.ஏ. தேறாத குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது.

“அவர் மேதை, நம் மாணவர்கள் மேதைகளா?” என்பார்கள். மேதை என்று உலகம் ஒப்புக்கொள்ளும் முன்புதானே இக்கடிதங்கள் எழுதப்பட்டன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேஷு அய்யர், ராமச்சந்திர ராவ், துறைமுகத்தின் நாராயண அய்யர் என்று ராமானுஜனுக்கு வாய்த்த சங்கிலியின் பல கண்ணிகள் அவர் பிறந்த சமூகத்துக்குள்ளேயே கிடைத்தவை. காசிமேட்டு மீனவர் வீட்டிலிருந்தோ எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குத் தெரிந்த கலெக்டர் எவரும் இல்லை. அவளுடைய படிப்பை அறிந்த ஒரே சாட்சி அவள் ஆசிரியர். அவரும் கைவிரித்தால், அவள் இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரி ஒன்றைப் படியெடுக்கிறாள். கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர், வாழ்த்துகள். எல்லோருக்கும் பொருந்தும் கடிதம் எவரையும் பரிந்துரைப்பதில்லை. தன்னைப் புகழ்ந்து தானே எழுதும் கூச்சமும், அடுத்தவர் பெயரில் எழுதும் பொய்யும்தான் நாம் அவளுக்குக் கற்பிக்கும் கடைசிப் பாடம்.

எழுத இயலாதவர் மறுத்துவிடலாம். அதில் நேர்மை உண்டு. ஒப்புக்கொண்டவர், அவள் எழுதிய கட்டுரை ஒன்றையாவது கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எழுதட்டும். தேவைப்படும் நேரம் ஒரு மாலைப்பொழுது. மூன்றாண்டுகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லையென்றால், குறை அவளுடையதன்று.