ராத்திரியில் சைக்கிளில் கடலுக்குப் போகலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள். போனில் தட்டுவதால் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள், உங்கள் முறை இது.

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் போடவில்லை. அவள் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அந்தப் பெண்ணும் அவளுடன் படிக்கும் பிள்ளைகளுமாகப் பதினாலு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி நம்ம செல்லிப்பட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி விடியும்போது கடலுக்குப் போய்ச் சேருவது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரே சண்டை. "சார், நீங்க சொன்னா அவ கேட்பா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள். அன்று மாலையே இந்தச் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது (எப்படி என்று கேட்காதீர்கள், இது செல்லிப்பட்டு). ஆளுக்கொரு தீர்ப்பு. என் தீர்ப்பை இங்கே எழுதுகிறேன்: போகட்டும்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பாதி உங்களுக்குத் தெரியும். மீதியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் இன்னும் எத்தனையோ ஊர் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வருவது நமக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனம் முதல் நாள் ராத்திரியே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போகும். வண்டி இல்லாதவர்கள் நடப்பார்கள். பௌர்ணமி என்பதால் வழி தெரியும். 1990களின் நடுவில் ஒரு வருடம், அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர், "சார், சைக்கிள்ல போலாம் சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். நானும் இன்னொரு ஆசிரியரும் சரி என்றோம். அப்போது எனக்கு வயது முப்பதுக்கு மேல். பயம் என்பது தெரியாத வயது.

பதினோரு பையன்கள். பாதிப் பேருக்குச் சொந்த சைக்கிள் கிடையாது, அப்பாவுடையதோ மாமாவுடையதோ. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல் இரண்டு பேர் குரங்கு பெடல். மூன்று வண்டியில்தான் டைனமோ விளக்கு. இப்போதைய பிள்ளைகளுக்கு டைனமோ தெரியாது. டயரோடு உரசிச் சுற்றும் ஒரு சின்னக் குப்பி. வேகமாக மிதித்தால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மங்கல், நின்றால் இருட்டு. மிதிக்கவும் கனக்கும். அந்த மூன்று பேரை முன்னால் விட்டு, ஆற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து, பிள்ளையார்குப்பம், கூடப்பாக்கம், வில்லியனூர் என்று போனோம். நம் சங்கராபரணியைச் செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து அதுவும் கடலுக்குத்தான் போகிறது என்று ஆற்றுக்குள் நின்று பாடம் நடத்தினேன். யாரும் கேட்கவில்லை.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனித் தெரியாதது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். அவளும் இன்னும் நாலு பெண்களும் வர ஆசைப்படுவதாகவும், ஐந்து வீட்டிலும் சம்மதம் என்றும் எழுதி, கீழே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்திருந்தாள். நான் அந்தத் தாளை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்கு ராத்திரியில என்ன வேலை? ஏதாவது ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள். பெற்றவர்கள் ஐந்து பேர் சரி என்று சொன்ன பிறகு வேண்டாம் என்று சொன்னது நான். இன்று அந்தத் தாய் தகப்பன்களைப் படிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

சரி, பாதுகாப்புக்காகத்தானே சொன்னேன்? அதையும் கேளுங்கள். அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட் மூடப்போகும் நேரம். முன்னால் போனவர்கள் தாண்டிவிட்டார்கள், நானும் தாண்டிவிட்டேன், கேட் விழுந்தது. எல்லாரும் வந்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். எண்ணவில்லை. ரெட்டியார்பாளையத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோது எண்ணினால் பத்துப் பேர். எட்டாம் வகுப்புப் பையன், குரங்கு பெடல் போட்டவன், இல்லை. என் வயிறு எப்படிக் கலங்கியது என்று எழுத முடியாது. இன்னொரு ஆசிரியரை அங்கேயே பையன்களோடு நிறுத்திவிட்டு வந்த வழியே திரும்பி மிதித்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். செயின் கழன்று நின்றுவிட்டானாம். கடைக்காரர் செயினை மாட்டிக் கொடுத்து, "உங்க வாத்தியார் வருவாரு, இங்கயே இரு" என்று பன்னும் டீயும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். காசு வாங்க மறுத்துவிட்டார். "எண்ணிக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து பெண் பிள்ளைகளைப் பாதுகாப்பு என்று சொல்லி நிறுத்திய நான்தான் ஒரு பையனை நடு ராத்திரியில் தொலைத்தவன். ஆக, ஆபத்து அந்தப் பெண்களால் வரவில்லை, ராத்திரியாலும் வரவில்லை. எண்ணத் தெரியாத வாத்தியாரால் வந்தது. அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். இதைப் படிப்பான். உன் அம்மாவிடம் இதுவரை சொல்லாமல் இருந்ததற்கு நன்றியப்பா.

அடுத்த வாரம் அந்த மாணவி என்னிடம் கேட்டாள், "கடல் எப்படி இருந்துச்சு சார்?" என்று. "என்ன, எப்பவும் போலத்தான்" என்றேன். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் ஊரிலிருந்து ஒரு மூச்சு மிதித்தால் போய்விடும் தூரம். கல்யாணமான பிறகுதான் முதல் முதலாகப் பார்த்தாளாம். போன வாரம் போனில் சொன்னாள். ஆமாம், மகளைத் தடுத்துச் சொல்லச் சொல்லி எனக்குப் போன் செய்தது அவளேதான்.

அதனால்தான் என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டேன், போதும்.

இப்போது குடும்பக் குழுவில் வந்த பேச்சுக்கு வருகிறேன். "இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்" என்றார் என் மைத்துனர். மாமா, வைத்திக்குப்பத்துக்கு ராத்திரியில் வண்டி கட்டிப் போனது உங்கள் தாத்தாதானே? ஆனால் வெளிநாட்டிலும் இருக்கிறது என்பது உண்மைதான். லண்டனில் ஹேக்னி என்ற பகுதியில் இருக்கும் ஒரு பூங்காவிலிருந்து, ஜூலை மாதம் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை ராத்திரியில் ஜனங்கள் சைக்கிளில் கிளம்பி, சுமார் 180 கிலோமீட்டர் மிதித்து விடியலில் டன்விச் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கூரியர் வேலை பார்த்த சைக்கிள்காரர்கள் ஆரம்பித்தது. போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? டன்விச் டைனமோ! பெயரைப் பார்த்ததும் நம் மூன்று டைனமோ வண்டிகள்தான் நினைவுக்கு வந்தன. டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகப் பட்டணமாம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து புயலும் அலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று இப்போது சின்ன கிராமமாகக் கிடக்கிறது. நம் பாண்டியிலும் 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே மணல் போவது தடைப்பட்டு, மணல் கிடந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். இதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் தேசத்திலும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்று 1891இல் தொடங்கிய நீண்ட தூர ஓட்டம் ஒன்று இருக்கிறது. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், ராத்திரி பகல் பார்க்காமல். அந்த வழியில் வந்த ஓட்டங்கள் இப்போது இந்தியா முழுக்க நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு முன் விளக்கு, பின் விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை கட்டாயம். வேடிக்கைக்காகப் போகிறவர்கள் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு ஒழுங்கு.

"பொண்ணுங்களுக்கு எதுக்கு சைக்கிள்?" என்று இன்னொரு சொந்தக்காரர் கேட்டார். அவருக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டுகிறேன். 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கூலிக்காரப் பெண்கள். அப்போதும் கேலி பேசினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருப்பது எதற்கென்றால், இதெல்லாம் நடந்து சில வருடம் கழித்துத்தான் நான் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்தறிவு பற்றி ஊரெல்லாம் பேசியவன்தான் நானும்.

லாரி பயம் என்று சொன்னவர்கள் சொன்னதை மட்டும் நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 1990களில் இருந்த சாலை இல்லை இது. அதனால் பிள்ளைகள் போட்ட வழியை மாற்றச் சொன்னேன். அவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போவதாக இருந்தார்கள். வேண்டாம். ராத்திரியில் அங்கே வரும் கார்களுக்கு சைக்கிள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குப் பதில் வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம், பாகூர், கன்னியகோயில் போய் மணப்பட்டு கடற்கரையில் இறங்கலாம். கடலூர் சாலையை ஒரே ஓர் இடத்தில் குறுக்கே கடந்தால் போதும். அங்கே இறங்கி, தள்ளிக்கொண்டு, எல்லாரும் ஒன்றாகக் கடக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். நடுவில் நின்று நின்று போனாலும் ஐந்து மணி நேரம் தாராளம். வேகமாகப் போகத் தெரியாத பிள்ளை எந்த வேகத்தில் போகிறதோ அதுதான் எல்லாருக்கும் வேகம். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு பொறுப்பான ஆள் கடைசியாக வர வேண்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வோர் ஊர் தாண்டியதும் எண்ண வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. டீக்கடைக்காரர் சொன்னது.

இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பு. விடிவதற்கு முன் கடலில் இறங்கக் கூடாது, விடிந்த பிறகும் கால் நனைப்பதோடு சரி. மிதித்துக் களைத்த உடம்போடு நம் கடல் அலையில் விளையாட முடியாது, உள்ளே இழுத்துவிடும். இன்னொன்று, திரும்பி வருவது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலை வெயிலில் மிதித்து வரும்போதுதான் கண் சொருகும். போகும்போது எல்லாரும் பயப்படுகிறார்கள், வரும்போது யாரும் கவனிப்பதில்லை. ஒரு டாடா ஏஸ் பேசி சைக்கிள்களை ஏற்றிவிட்டு, பிள்ளைகள் பஸ்ஸில் வரட்டும். வண்டி வாடகையில் பாதி என் பென்ஷனிலிருந்து.

"ஊர் என்ன சொல்லும்?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். 2021 மழையில் நம் படுகை அணை உடைந்தபோது கூட, அணையைப் பற்றிப் பேசியதைவிட யார் வீட்டுப் பிள்ளை அங்கே போய் போட்டோ எடுத்தது என்று பேசியவர்கள் நாம்.

என் மாணவிக்கு: உன்னிடம் போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நான் உன்னை நிறுத்தியது தப்பு. உன் தாளைப் படித்துவிட்டாவது கொடுத்திருக்க வேண்டும். உன் பெண்ணுடைய பயத்தைவிட உன் பயம் பெரிதாக இருக்கிறது என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. மன்னித்துக்கொள் அம்மா.

கடைசியாகப் பெரியவர் ஒருவர் கூட வருவதாக இருந்தால் சம்மதம் என்று சொன்னாயாமே, உன் பெண் சொன்னாள். எனக்கு முட்டி வலி, நாற்பது கிலோமீட்டர் ஆகாது. ஆனால் டாடா ஏஸ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னாலேயே வர முடியும். நீ சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டாயா என்ன? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரையும் வண்டியோடு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பிரேக்கும் செயினும் பார்க்க. நீயும் வா. வண்டி இல்லையென்றால் என் மனைவியுடையது திண்ணையில் சும்மாதான் நிற்கிறது, காற்று மட்டும் அடிக்க வேண்டும்.