எல்லாருக்குமோ? அப்ப சரி!



போன மாதக் கடைசியில், இதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் நாங்கள் தலைகீழாக நின்றபோது, அலுவலகத் தொலைபேசி அடித்தது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி. நமது இதழை முதற் பிரதியிலிருந்து கட்டி வைத்திருப்பவர். எழுத்துப் பிழை கண்டால் பக்க எண்ணோடு அறிவிப்பவர். அன்றைக்கு அவர் எடுத்தது பிழை சொல்வதற்கல்ல.

“தம்பி, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது” என்று தொடங்கினார். மகளுக்கு மூன்றாம் மாதம். கிளினிக்கில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். எதற்கென்று கேட்டதற்கு, சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டையும் பார்ப்பதற்கு என்றார்களாம். “மகள் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள். மருமகன் வங்கியில. எங்களைப் பாத்தா அப்பிடியான ஆக்களாத் தெரியுதோ? நீங்கள் இதைப் பற்றி எழுதவேணும்.”

“எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிறவை அக்கா.”

“எல்லாருக்குமோ?”

“ஓம். கொட்டாஞ்சேனையிலயும் எடுப்பினம், கறுவாத்தோட்டத்திலயும் எடுப்பினம். மந்திரியின்ர பெண்சாதி போனாலும் எடுப்பினம்.”

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு “அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினம். ஆண்டுதோறும் இந்தப் பக்கத்தில் சிவப்பு நாடாவின் படத்தைப் போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி ஒப்பேற்றுவது எங்கள் வழக்கம். இம்முறை அந்த “அப்ப சரி” காதுக்குள்ளேயே நிற்கிறது. எழுதச் சொன்னவருக்காகவே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ அது பிள்ளைக்குப் போக நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்பிருக்கிறது. 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. சிடோவுடீன் என்ற ஒரேயொரு மருந்தைத் தாய்க்குக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும், பிறந்த பிள்ளைக்கு ஆறு வாரமும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேரளவில் தொற்றியிருந்தது. பெற்றவர்களின் பிள்ளைகளில் 8 பேருக்குத்தான். இன்று மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து அந்த எட்டை ஒன்றுக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஆனால் தாய்க்கு இருப்பது தெரிந்தால்தானே மருந்து கொடுக்க? முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. பல ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருந்துவிடும். ஆகவே எல்லோரையும் பார்ப்பது ஒன்றே வழி.

இலங்கை அதைத்தான் செய்தது. படலையைத் திறந்துகொண்டு வருகிற மருத்துவமாதுக்கு நாங்கள் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்ததோடு சரி, அவருடைய வேலையின் பெறுமதியை எண்ணிப் பார்த்ததில்லை. யார் வீட்டில் யாருக்கு எத்தனையாம் மாதம் என்ற கணக்கு அவரிடம் இருந்தபடியால்தான் ஊசியும் குழாயும் எல்லா வீட்டுப் பெண்களையும் எட்டின. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. 2017க்குப் பிறகு தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளை பிறந்ததாகப் பதிவில்லை என்றும் அப்போது அறிவித்தார்கள். கிரிக்கெட்டில் வென்றால் வெடி கொளுத்துகிற நாங்கள் அன்றைக்கு ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை.

வெள்ளவத்தை அக்காவின் மகளும் அந்த 95 பேரில் ஒருத்தி. “எல்லாருக்கும்” என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கோபம் போய்விட்டது. ஆளைப் பார்த்து எடுத்தால் அவமானம், எல்லோரிடமும் எடுத்தால் சோதனை. விஷயம் அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இந்த நோயின் கதை ஆளைப் பார்த்துத்தான் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவை, அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் இந்தியாவில் எயிட்ஸ் இருக்கிறதா என்று ஆராயச் சொன்னார். பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களில் 80 பேரின் இரத்தத்தை நிர்மலா சேகரித்தார். சேமித்து வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். 1986 பெப்ரவரியில், மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கணவரோடு இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள், தொற்றைக் காட்டும் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதென்று தெரிந்தது அப்படித்தான். ஐஸ் பெட்டியோடு ரயிலேறிய அந்த இளம் பெண்ணின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் செய்தியைப் படித்த ஊர் என்ன விளங்கிக்கொண்டது? இது பூட்டிய கதவுக்குள் இருப்பவர்களின் வருத்தம், எங்களுக்கு வராது என்றுதான். நாற்பது வருடமாகியும் அந்த எண்ணம் மாறவில்லை. வெள்ளவத்தைத் தொலைபேசியில் “அப்பிடியான ஆக்கள்” என்று வந்ததும் அதுதான்.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் 1987இல் கண்டறியப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், குழந்தை மருத்துவ நிபுணர் கமலிகா அபேரத்ன வீதி விபத்தில் சிக்கி, ஏற்றிய இரத்தத்தின் வழியே தொற்றுக்கு ஆளானார். அவர் ஒளித்து வைக்கவில்லை. பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார், மருந்துக்காகப் போராடினார், 2004இல் மறைந்தார். அந்த ஆண்டின் கடைசியில்தான் அரச கிளினிக்குகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அவரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள், “பாவம், அவவுக்கு ரத்தத்தால வந்தது” என்று சொல்வார்கள். மற்றவர்களுக்கு வந்தால் பாவமில்லையா என்று நானும் அப்போது கேட்டதில்லை.

2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தந்தை எயிட்ஸால் இறந்தார் என்று கிளம்பிய கதையை நம்பி, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனோடு தங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். சிறுவனுக்குத் தொற்றில்லை என்று பரிசோதனை சொல்லியும் கேட்பாரில்லை. இருந்திருந்தாலும் ஒரே வாங்கில் இருந்து படிப்பதால் அது தொற்றாது. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி இடம் கொடுக்க முன்வந்தது.

சரி, ஆராய்ச்சிப் பக்கம் வருகிறேன். அங்கே தமிழர்கள் பெருமைப்பட ஒரு விஷயமிருக்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருக்கிறது. அவர் மருந்தை வேளைக்கே தொடங்கினால் மற்றவர் தப்புவாரா? இதை அறிய ஒன்பது நாடுகளில் 1763 தம்பதிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். அந்த நிலையங்களில் ஒன்று சென்னையில், சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய வை.ஆர்.ஜி. கேர். ஒரு பகுதியினருக்கு உடனே மருந்து. மறுபகுதியினருக்கு, அந்தக் கால வழக்கப்படி, எதிர்ப்புச் சக்தி இறங்கிய பிறகு மருந்து. 2011இல் ஆய்வைக் கண்காணித்த குழு, இனிப் பொறுக்கவேண்டாம், முடிவை வெளியிடுங்கள் என்று சொல்லிவிட்டது. துணையிடமிருந்தே தொற்றியதென்று உறுதியானவர்கள் 28 பேர். அதில் 27 பேர் மருந்து பிந்திய பகுதியில். வேளைக்கே தொடங்கிய பகுதியில் ஒரேயொருவர்.

மருந்து வைரஸைப் பெருக விடாமல் தடுக்கிறது. ஒழுங்காகக் குளிசை போட்டுவந்தால் சில மாதங்களில் இரத்தத்தில் அது கணக்கெடுக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. பிறகு ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான சோடிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தும், இப்படியானவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றிய ஒருவரையும் காணவில்லை. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. குளிசையை நிறுத்தினால் வைரஸ் திரும்பி வரும். ஆனால் குளிசையோடு வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பேரப்பிள்ளை காணலாம். சுனிதி சாலமன் தன் நிலையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சோடி பார்த்துக் கலியாணமே செய்துவைத்தார். சாதகத்தோடு இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்துப் பொருத்தம் சொன்ன தரகர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். 2015இல் காலமானார்.

இனி மனதுக்கு ஒப்பாத செய்தி. இலங்கையில் எச்.ஐ.வி. இன்னமும் அரிதுதான், வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் புதிதாகப் பதிவாகிறவர்கள் 2021இல் 400 சொச்சமாக இருந்து, 2022இல் 600ஐத் தாண்டி, 2023இல் 700ஐ நெருங்கினார்கள். கொரோனாக் காலத்தில் படுத்திருந்த பரிசோதனை எழும்பியதும் ஒரு காரணம். பெரும்பாலானோர் ஆண்கள். ஆணின் வீட்டுப் படலையை எந்த மருத்துவமாதும் திறப்பதில்லை. அவனாகப் போனால்தான் உண்டு. ஆணோடு உறவுள்ள ஆணென்றால் அவனுக்கு முன்னால் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகளும் நிற்கின்றன. 1883இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டம். அவற்றைத் தளர்த்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றிய முறை அவர்களுடைய மாமன்மாரையும் தகப்பன்மாரையும் எட்டாமல் நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தடுப்பதற்கோ வழிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆணுறை இருக்கவே இருக்கிறது. தொற்றும் ஆபத்து ஏற்பட்டுவிட்டது என்று பயந்தால், 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் போடும் மருந்து உண்டு. முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ‘பிரெப்’ குளிசையும் இங்கே வந்துவிட்டது. 2024இல் வந்த செய்தி இதையெல்லாம் தூக்கி அடித்தது. லெனகாபவிர் என்ற ஊசி, ஆண்டுக்கு இரண்டே தடவை. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் அந்த ஊசியைப் பெற்ற 2134 இளம் பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்குப் பல்லாயிரம் டொலர். ஹைதராபாத்தின் இரண்டு கம்பனிகள் 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டொலர் விலையில் கொடுக்க உடன்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் எழுதுவதற்கு முன், நானே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வருவதுதான் நியாயம் என்று பட்டது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் மருதானைப் பக்கம், டி சேரம் பிளேசில் இருக்கிறது. வெள்ளவத்தையில் கோச்சியேறி, கடலைப் பார்த்துக்கொண்டே கோட்டை தாண்டி மருதானையில் இறங்கினேன். துணிவான ஆள்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். “எங்கே?” என்று ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது “கண் ஆஸ்பத்திரி.”

ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் பத்திரிகைத் தொழில். கண் ஆஸ்பத்திரியடியில் இறங்கி, பணத்தைக் கொடுத்து, ஓட்டோ திரும்பி மறைகிறவரை நின்று, மிச்சத் தூரத்தை நடந்தேன். அறிந்த முகம் ஏதும் எதிரே வந்துவிடுமோ என்று குனிந்த தலை நிமிரவில்லை. உள்ளே போனபின் சங்கடப்படுத்தும்படி ஒன்றும் நடக்கவில்லை. காசு இல்லை, வைத்தியரின் துண்டும் கேட்கவில்லை. தாதி கையில் பட்டியைக் கட்டினார், சிறு குழாயில் இரத்தம் எடுத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அவருக்கு நான் அன்றைய வரிசையில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

பெறுபேறு என்ன என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். இல்லையென்று சொன்னால் அதை என் நடத்தைக்கு ஒரு சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டியதாகிவிடும். இருக்கிறதென்று சொன்னால் அடுத்த மாதச் சந்தாவில் சிலது குறையும். அக்காவின் மகளிடம் யாரும் கேட்கவில்லையே, என்னிடமும் கேட்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இதழை வீட்டில் முதலில் எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள் என்று அறிவேன். இந்தப் பக்கத்தை மடித்து, கணவரின் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வையுங்கள். வளர்ந்த மகன் இருந்தால் அவனுடைய மேசையிலும். சந்தேகப்பட்டு வைத்ததாக நினைப்பார்களே என்று தயங்கினால், வீட்டில் எல்லோருக்கும்தான் என்று சொல்லிவிடுங்கள். முகவரி: 29, டி சேரம் பிளேஸ், கொழும்பு 10. ஓட்டோக்காரரிடம் அதையே சொல்லலாம்; அவருக்கு இடம் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்