புது மாத்திரையா, பழைய மருந்தா?

ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமல் காக்கும் வார்பரின் மாத்திரை, 1954 முதல் மனிதருக்குத் தரப்படுகிறது. அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் இருப்பவருக்கு அவை வரப்பிரசாதம்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நிலைமை வேறு. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கி, ரத்தப்போக்கு உண்டாகலாம். குடல் ஓய்ந்தால் மருந்து சரியாக ஏறாது. திடீர் ஆபரேஷன் என்றாலோ, மாத்திரையின் வேகம் உடனே அடங்காது. வார்பரினிலும் பழைய ஹெப்பாரினை ரத்தக் குழாயில் ஏற்றினால், நிறுத்திய சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

ஆகவே, டாக்டர் பழைய மருந்துக்கு மாறினால் உறவினர் சண்டை பிடிக்கக் கூடாது. நோயாளி என்ன மாத்திரை சாப்பிட்டார், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைச் சொல்லட்டும். அதுவே பேருதவி!