தகப்பன் பெயரால் கூப்பிடாதேயுங்கோ

யாழ்ப்பாணத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால். தமிழ் அரசியல் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் பெயரில் 'வே' தகப்பனார் வேலுப்பிள்ளை, செல்வநாயகம்தான் அவருடைய சொந்தப் பெயர். ரொறன்ரோவுக்குப் போனால் இந்த வரிசை குழம்பிவிடுகிறது. படிவத்தின் 'முதற்பெயர்' கட்டத்தில் தகப்பன் பெயர் விழ, மருத்துவமனை வரவேற்பறையில் வயதான அம்மாவை, செத்துப்போன தகப்பனின் பெயரால் கூப்பிடுகிறார்கள். தன்னைத்தான் என்று தெரியாமல் அவர் கதிரையிலேயே இருக்கிறார். எனக்கு இது பொறுக்கவில்லை. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்துக் கதைக்கிற சனம் நாங்கள். சமவயதுக்காரரை 'நீர்' என்போம். மூத்தவர் என்றால் பெயரே வாயில் வராது, அண்ணை, அக்கா, மாஸ்டர்தான். படிவத்தில் 'உங்களை எப்படிக் கூப்பிடுவது?' என்று ஒரு கட்டம் போடட்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து அதை நிரப்பிக் கொடுக்க வேணும்.