குடுமி முளைத்த சாமி

குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் முன் போன மாதம் பள்ளித் தோழர்கள் நால்வர் நின்றோம். ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்றதுமே மொழியை வைத்துப் பழைய வம்பு தொடங்கிவிட்டது. "வடமொழி, கிரந்த எழுத்து. உனக்கு இங்க என்ன வேலை மாப்ள?" என்றான் ஒருவன். "கடைசியா ஒரு வரி தமிழ்ல இருக்குல்ல, அதைப் படிக்க வந்தேன்" என்றான் அடுத்தவன். சிரித்துக்கொண்டே சிகாநாதர் சந்நிதிக்குப் போனோம். அங்கே ஒருவனிடம், "வீட்டுக்காரி இன்னும் விராலிமலையிலதானா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவனும் சிரித்தான், பிறகு வெகுநேரம் பேசவில்லை. எதிரே சிவலிங்கம். காதலிக்குச் சூட்டிய மாலையை அர்ச்சகர் அவசரத்தில் மன்னருக்குத் தர, அதில் ஒரு தலைமுடி இருக்க, சாமிக்குக் குடுமி உண்டு என்று அவர் சமாளிக்க, சாமியும் குடுமியோடு காட்சி தந்த தலபுராணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அர்ச்சகர் செய்தது சரியா என்று இத்தனை காலம் வாதாடியிருக்கிறேன். அன்று எனக்குச் சாமி செய்தது மட்டுமே கண்ணில் பட்டது: ஒரு மனிதனின் வீட்டு விஷயம் சபையில் அவிழாமல் காத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். இந்த ஊர்க் கதை அதை எப்போதோ அறிந்திருக்கிறது. மொழியை வைத்து நண்பனை எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டுங்கள். வீட்டுக் கவலையை மட்டும் நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். இரவில் தனியாக அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.