துண்டு தந்தவரின் பாத்தியதை

சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் சரித்திரத்தைப் பின்னாளில் எழுதப் புகுகிறவர், பத்திரிகைச் செய்திகளையும் அமைச்சர்களின் அறிக்கைகளையும் மட்டும் ஆதாரமாகக் கொண்டு அதை எழுதிவிட முடியாது. ஏனெனில் அந்நாட்களின் உள்வாழ்க்கை, பந்தலில் அமர்ந்திருந்தவர்கள் தத்தம் கைப்பேசிகளில் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட சிறுசிறு காட்சித் துண்டுகளிலேயே தங்கியிருக்கிறது. அதற்கு மூன்றாண்டுகள் முந்தி, 2021 டிசம்பரில், விடுதி உணவால் உடன் பணிபுரிவோர் பலர் நோயுற்றதைக் கண்டு மனம் பொறாத ஃபாக்ஸ்கான் மின்னணுத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்த இரவுக்கும் இது பொருந்தும். மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்திக் கூடங்களுக்குள் காமிராவுக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆதலால் ஒரகடம் முதல் சுங்குவார்சத்திரம் வரையில் வேலை செய்கிறவர்களின் வாழ்க்கையைக் காட்ட விரும்புகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் கம்பெனிப் பேருந்தின் ஜன்னலோரம், ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறை, ஷிப்டு முடிந்து நிற்கும் டீக்கடை, போராட்டப் பந்தல் ஆகிய இடங்களில், அங்கே இருந்தவர்களாலேயே எடுக்கப்பட்ட காட்சிகள்தாம். இவற்றை இணையத்தில் ஒன்று திரட்டி, பலர் கூடித் தொகுத்து, ஓர் ஆவணப்படமாக ஆக்க வேண்டும் என்ற ஆவல் நம் துறையைச் சார்ந்தோருக்கு எழுவது இயல்பே. அந்த ஆவலை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அக்காரியத்தில் இறங்குமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை, இறங்கிய பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், இம்மாத உரையை அதற்கே ஒதுக்குகிறோம்.

பதிப்புரிமை என்ற சொல் காதில் விழுந்ததும் நம்முடைய எண்ணம் பெரிய இசை நிறுவனங்களின் மீதும், ஒரு பாட்டின் பத்து நொடிக்காகப் படம் முழுவதையும் முடக்கிவிடும் யூடியூபின் தானியங்கிச் சோதனையின் மீதுமே செல்கிறது. பிறர் படைப்பை எடுத்தாளும் சுதந்திரம் நமக்கு வேண்டும் என்று வாதிடுகிறோம், அவ்வாதம் நியாயமானதே. ஆயினும் அதே மூச்சில், ஒரு தொழிலாளி நம்மை நம்பி அனுப்பிய காட்சியைக் கேட்பாரற்றுக் கிடந்த பொருளைப் போல எடுத்து வைத்துக்கொண்டு, படத்தின் இறுதியில் 'நன்றி: தொழிலாளர் நண்பர்கள்' என்ற ஒரு வரியோடு கணக்கைத் தீர்த்துவிடுகிறோம். இது அறத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, சட்டத்துக்கும் மாறானது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். சினிமாப் படம் என்பதற்கு அச்சட்டம் தரும் இலக்கணத்தில் அதன் நீளத்தைப் பற்றியோ, அதை எடுத்த கருவியின் விலையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. காட்சிப் பதிவாக உள்ள எந்தப் படைப்பும் அதில் அடங்கும். சினிமாப் படத்தின் கர்த்தா யார் என்ற வினாவுக்குத் தயாரிப்பாளர் என்று அது விடை கூறுகிறது; தயாரிப்பாளர் யார் என்ற அடுத்த வினாவுக்கு, அப்படைப்பை உண்டாக்குவதில் முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றுக்கொள்கிறவர் என்கிறது. எனவே, இரவு ஷிப்டு முடிந்து பந்தலுக்கு வந்து, தன் கைப்பேசியை உயர்த்தி, சக தொழிலாளி ஒருவர் பேசுவதை ஒன்றரை நிமிஷம் பதிவு செய்த இளைஞர், இந்த நாட்டின் சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் தயாரிப்பாளர். அது வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளுக்கு அதன் உரிமை அவருடையது. வேலையின் நிமித்தம் உண்டாக்கும் படைப்பு வேலை கொடுப்பவருக்குச் சேரும் என்று அதே சட்டத்தில் ஒரு விதி இருப்பது மெய்யே. ஆனால் வேலைநிறுத்தப் பந்தலில் எடுத்த படத்தை வேலையின் நிமித்தம் எடுத்தது என்று எவரும் வாதிட முடியாது. இருநூறு பேரிடமிருந்து இருநூறு துண்டுகளைப் பெற்று ஒரு படத்தைத் தொகுக்கிறவர், தாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், இருநூறு தயாரிப்பாளர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் நிலையில் நிற்கிறார்.

இத்தகைய முயற்சி நமக்குப் புதியதன்று என்பதையும் நினைவுகூர வேண்டும். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினை நோக்கிச் சென்ற கப்பலில், இளைஞராயிருந்த ஏ. கே. செட்டியாருக்கு மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. காந்தியடிகளின் முப்பதாண்டுப் பொதுவாழ்வை அதற்குமுன் எத்தனையோ காமிராக்காரர்கள் எத்தனையோ நாடுகளில் துண்டு துண்டாகப் படம் பிடித்திருந்தார்கள். செட்டியாருடைய படத்தின் பெரும்பகுதி அந்தத் துண்டுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே அடங்கியிருந்தது. உலகப் போர் மூண்டுகொண்டிருந்த வேளையில் கண்டம் விட்டுக் கண்டம் சென்று, ஏறக்குறைய 50,000 அடி நீளமுள்ள படச்சுருளைச் சேகரித்து, அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். தமிழின் முதற்பெரும் ஆவணப்படம் பிறர் எடுத்த காட்சிகளால் ஆனது என்ற உண்மையை, ரீமிக்ஸ் என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய வழக்கம் என்று எண்ணுகிறவர்கள் கவனிப்பார்களாக. அவர் தம் தேடலை விவரித்து எழுதிய கட்டுரைகள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக நமக்குக் கிடைக்கின்றன. காட்சிகளை வைத்திருந்தவர்களைத் தேடிச் சென்று, கேட்டுப் பெற்று, அவர்களை மறவாமல் எழுதியும் வைத்த அந்த மனிதரின் சிரத்தையை, ஒரு விரலசைவில் ஆயிரம் காட்சிகளை இறக்கிக்கொள்ளும் வசதி படைத்த நாம் இழந்துவிடலாகாது.

நம் காலத்தில் இம்முறையைப் பகிரங்கமாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் கனடாவைச் சேர்ந்த பிரெட் கேய்லர் குறிப்பிடத்தக்கவர். 2008-இல் வெளிவந்த அவருடைய 'ரிப்: எ ரீமிக்ஸ் மேனிஃபெஸ்டோ' பதிப்புரிமையைப் பற்றிய படம். அதைத் தொகுத்து முடிப்பதற்கு முன்பே தாம் எடுத்த மூலக் காட்சிகளை இணையத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றித் தொகுக்கலாம் என்று அழைத்து, அவ்வாறு வந்தவற்றைத் தம் படத்திலும் சேர்த்துக்கொண்டார். அப்படம் பிறரிடம் கேட்ட சுதந்திரத்தை முதலில் தன் காட்சிகளுக்குத் தந்தது என்பதே நமக்கு முக்கியம். அதே 2008-இல் மும்பையை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட பாட்.மா என்னும் இணைய ஆவணக் காப்பகம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. முடிந்த படங்களைக் காட்டிலும், படத்தில் இடம் பெறாமல் எஞ்சிய காட்சிகளையே அது பெரிதும் போற்றி, நொடிவாரியான குறிப்புகளுடன் பொதுவில் வைத்தது. நம்முடைய ஹார்டு டிஸ்குகளில் உறங்கும் நூற்றுக்கணக்கான மணி நேரக் காட்சிகளை எண்ணிப் பார்க்கையில் அந்த முன்மாதிரியின் அருமை விளங்கும்.

இனி, நாம் பிறரிடமிருந்து எடுத்தாளும் பொருளைப் பற்றி. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றியும் அங்கு வேலை செய்தோரின் உடல்நலக் கேட்டைப் பற்றியும் சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் பாடிய ராப் பாடல், நிக்கி மினாஜின் 'அனகோண்டா'வின் இசையின்மீது அமைந்தது. அந்த 'அனகோண்டா'வும் 1992-இல் வந்த வேறொரு பாட்டின் துண்டை எடுத்து ஆக்கப்பட்டது. 2001-இல் ஆலை மூடப்பட்டதிலிருந்து முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திவந்த போராட்டத்தின் முடிவில், 2016 மார்ச்சில், 591 பேருக்கான உடன்பாட்டுக்குக் கம்பெனி இணங்கியது. பாட்டினால்தான் அது நடந்தது என்று கூறுவது அந்தத் தொழிலாளர்களின் பொறுமைக்குச் செய்யும் அநீதி; ஆனால் மலைமேல் அடங்கிக் கிடந்த ஒரு குரலை உலகத்தார் செவியில் சேர்த்ததில் அந்தக் கடன் வாங்கிய இசைக்குப் பெரும்பங்கு உண்டு.

இத்தகைய பாடலைச் சட்டம் காக்குமா? கேரளத்தில் தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற நாடகத்தைக் கண்டித்து, அதன் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டு, சிவிக் சந்திரன் எழுதிய எதிர்நாடகத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 1996-இல், சட்டம் அனுமதிக்கும் நியாயமான கையாளுகை என்று ஏற்றுக்கொண்டது. அங்கே எடுத்தாளப்பட்ட படைப்பே விமரிசனத்துக்கும் இலக்காயிற்று. கொடைக்கானல் பாட்டிலோ இலக்கு ஒரு தொழிற்சாலை. இரவல் வாங்கியது ஒரு பாட்டு. 'அந்தப் படைப்பையோ வேறொரு படைப்பையோ' விமரிசிப்பதற்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறதாகையால், தொழிற்சாலையைக் கண்டிக்கப் பாட்டை எடுத்தவர் அதே பிரிவு தரும், நடப்பு விவகாரங்களை அறிவிக்கும் உரிமையையே பெரிதும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். முன்பு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டும் உரியதாயிருந்த இந்த நியாயமான கையாளுகை, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சினிமாப் படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் விரிந்தது நமக்குப் பேருதவி. அதை நம்மவர் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

டீக்கடையின் வானொலி நமக்கு இன்னும் அன்றாடமான தொல்லை. தொழிலாளி ஒருவர் தம் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்துவிடுகிறது. படத்தின் பின்னணியில் தற்செயலாக வந்து சேரும் சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் சட்டம் வெளிப்படையாக விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே சுவரொட்டியைப் பற்றிக் கவலையில்லை. பாட்டுக்கு அத்தகைய விலக்கு எழுதப்படவில்லை. தொலைக்காட்சி உரையாடல் ஒன்றில் பாடகி ஒருவர் தம் பாட்டுகளின் சிலசில வரிகளைப் பாடிக் காட்டிய வழக்கில், அவ்வளவு அற்பமான உபயோகத்தைச் சட்டம் பொருட்படுத்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வு 2012-இல் தீர்ப்பளித்தது. அதுவே இவ்விஷயத்தில் நமக்குப் பெரிய ஆறுதல். யாரேனும் எழுத்து மூலம் முறையிட்டுப் படம் இணையத்திலிருந்து இறக்கப்பட்டாலும், முறையிட்டவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால் அதை மீண்டும் ஏற்றலாம் என்பது நம் நாட்டு விதி. அயல்நாட்டுக் கம்பெனியின் மின்னஞ்சலைக் கண்டதும் அஞ்சித் தம் படத்தைத் தாமே நீக்கிவிடுகிறவர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

அறிவுச் சொத்து என்ற கருத்து எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதையும் சுங்குவார்சத்திரமே காட்டிற்று. தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்று பெயரிட்டுப் பதிவு செய்யக் கோரியபோது, அந்தப் பெயர் தங்கள் வணிகச் சின்னம் என்று கம்பெனி ஆட்சேபித்தது. தாம் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாத்தியதை தொழிலாளிக்கு உண்டா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, அதன் உத்தரவுக்குப் பின், 2025 ஜனவரியில் சங்கம் அதே பெயரில் பதிவாயிற்று. தம் பெயருக்காக இவ்வளவு பாடுபட்டவர்களின் காட்சிகளை அவர்கள் பெயரின்றியே எடுத்துக்கொள்வது நமக்குத் தகுமா?

ஆனால் பெயர் போடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பெயர் திரையில் வந்தால் மறுமாதம் அவருக்கு வேலை இல்லாமற் போகலாம். ஆதலால் பெயரைப் போடுவதும் மறைப்பதும் முகத்தை மங்கலாக்குவதும் காட்சியைத் தந்தவரின் விருப்பம். அவ்விருப்பத்தைப் பின்னர் மாற்றிக்கொள்ளவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். இணையப் படத்தில் இது சாத்தியமே. அச்சிட்ட புத்தகத்தைப் போலன்றி, படத்தை மீண்டும் தொகுத்து ஏற்றலாம்.

பொதுவில் வைத்துவிட்டால் எல்லாருக்கும் நன்மைதானே, தனித்தனியாகச் சம்மதம் கேட்பானேன் என்று சில இளைஞர்கள் வினவக்கூடும். பாரதியாரின் எழுத்துக்கள் பொதுச் சொத்தான கதையை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1949-இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையைப் பெற்றபோது, பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ. வி. மெய்யப்ப செட்டியாரிடமும் கேட்டது. கவிஞரின் மனைவிக்கும் இரு புதல்வியருக்கும் தொகையும் வழங்கியது. தமிழகம் தன் பெருங்கவிஞனைப் பொதுவாக்கிக்கொண்டபோதுகூட, உரிமை உடையவர்களின் சம்மதத்தைப் பெற்றே செய்தது.

ஆகவே, துண்டுகளைத் திரட்டும் அன்றே ஒரு பக்கத்துக்கு மிகாத உடன்படிக்கை ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும்படி நம் வாசகர்களை வேண்டுகிறோம். அது அனுப்புகிறவர் வாசித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் தமிழ் மட்டும் போதாது, ஹிந்தியும் ஒடியாவும் வேண்டியிருக்கும். காட்சியின் உரிமை தந்தவரிடமே நிற்கிறது என்பதும், படத்தில் சேர்க்க மட்டுமே அனுமதி தரப்படுகிறது என்பதும், தம் துண்டை அவர் தம் சங்கத்துக்கோ வேறொரு படத்துக்கோ தடையின்றித் தரலாம் என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். படத்தால் வருவாய் வருமாயின் அதைப் பகிரும் முறையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நட்பைக் காக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு 'ஓகே அண்ணா'வை நம்பிப் படத்தை முடித்துவிட்டு, விழாவுக்கு அனுப்பும் வேளையில் சம்மதக் கடிதத்துக்காக ஊர் ஊராக அலைகிறவர்களை நாம் அறிவோம். அதற்குள் அத்தொழிலாளர்கள் வேலை மாறி, அறை மாறி, சிம் கார்டும் மாறியிருப்பார்கள்.

எழுதும்போது இரண்டு விவரங்களை விட்டுவிடாதீர்கள். அனுமதி எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே என்று சட்டம் கொள்ளும். எந்தெந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்று கொள்ளும். 2024 வேலைநிறுத்தத்தைப் பற்றிய படத்தை 2030-இல் ஒரு தொழிற்சங்கப் பள்ளியில் திரையிடவோ, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்த் தொழிலாளர்களுக்குக் காட்டவோ நினைக்கிறவர், இவ்விரண்டு வரிகளையும் இன்றே, அவரவர் கையொப்பத்துக்கு மேலே, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.