தப்பை எண்ணுவது இசை கேட்பதாகாது



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஷோபினின் 24 பிரெலூட்களை (ஓபஸ் 28) யார் நன்றாக வாசித்தார் என்ற பேச்சு வந்தாலே சிலர் தீர்ப்போடு வந்துவிடுகிறார்கள். "பொலினிதான் முதலிடம், ஒரு தப்பு கிடையாது. கோர்ட்டோ நிறையத் தப்பு வாசிப்பார்." காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், இதற்குப் பெயர் இசை கேட்பதல்ல, பேப்பர் திருத்துவது.

கோர்ட்டோவின் புகழ்பெற்ற பதிவு 1933-34-இல் வந்தது. அன்றைய இசைத்தட்டில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம். நடுவில் விரல் தவறினால் வெட்டி ஒட்ட முடியாது. பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், இல்லையேல் தப்போடு விட வேண்டும். பொலினியின் பதிவு 1974-ஐச் சேர்ந்தது. அதற்குள் ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது ஸ்டூடியோக்களில் அன்றாட வேலையாகிவிட்டது. 18 வயதில், 1960-இல், வார்சாவின் ஷோபின் போட்டியில் வென்றவர் பொலினி. அவர் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இரண்டு தேர்வுக்கும் விதி வேறு. மதிப்பெண்ணை மட்டும் அருகருகே வைப்பது என்ன நியாயம்?

"இருந்தாலும் தப்பு தப்புதானே சார்?" என்பீர்கள். தப்புதான், மறுக்கவில்லை. இப்போது நான்காவது பிரெலூடுக்கு வாருங்கள். மொத்தமே 25 பார். மெதுவான நடை. வலது கை அதிகம் நகராது. இடது கையின் கார்டுகள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே போகும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளே வாசிப்பார்கள். கோர்ட்டோ, பொலினி, மார்த்தா ஆர்கெரிச் போன்றவர்களுக்கு இதில் விரல் தவறும் இடமே இல்லை. உங்கள் கணக்குப்படி மூவருக்கும் நூற்றுக்கு நூறு. பிறகு ஏன் மூன்றும் மூன்று விதமாக மனதில் இறங்குகின்றன? கடைசி மூன்று கார்டுகளுக்கு முன் ஷோபின் ஒரு மௌனத்தை எழுதியிருக்கிறார். எத்தனை நொடி என்று எழுதவில்லை. வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மௌனத்துக்கு எந்த விடைக்குறிப்பில் மதிப்பெண் இருக்கிறது?

பதினாறாவது பிரெலூடுக்கு 'மிக வேகமாக, நெருப்போடு' என்று அவரே குறித்திருக்கிறார். பத்திரமாக வாசித்தால் தப்பு வராது, நெருப்பும் வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? உங்களில் பலர் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்புகிறீர்கள். குழந்தை வாசித்து முடித்து உங்கள் முகத்தைப் பார்க்கிறது. "மூணு இடத்துல தப்பு" என்பதுதான் முதல் வார்த்தை. அன்றிலிருந்து அது தப்பு வராமல் இருக்க மட்டுமே வாசிக்கும். கொஞ்ச நாளில் கீபோர்டு பரண் ஏறும். அப்புறம் "அவனுக்கு ஆர்வமே இல்லை" என்பீர்கள்.

இன்று இரவு அந்த நான்காவது பிரெலூடை மூவர் வாசிப்பிலும் கேளுங்கள். பெயரை வீட்டில் யாராவது மறைத்து வைக்கட்டும். எது பிடித்தது, எந்த இடத்தில் பிடித்தது என்று கீழே எழுதுங்கள். எத்தனை தப்பு என்று எழுதுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.